யந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

நம் சிறுபத்திரிகைகளில் எழுதுகிறவர்களில் பாதிப் பேராவது ஏதாவது ஓர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவர்கள்தான். தபால், ரயில்வே, இன்ஷூரன்ஸ், வங்கி என்று. இருந்தும் காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை நம் கை செய்கிற வேலையைப் பற்றி நாம் அதிகம் எழுதியதில்லை. எழுதினால் அது அலுப்பின் குறியீடாக வரும். ஃபைல் என்றால் சிறை, நாற்காலி என்றால் சாவு என்ற அளவில் நின்றுவிடும். எலியட் 1917லிருந்து 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார் என்பது நமக்குத் தெரியும். அவரை அங்கிருந்து விடுவிக்க எஸ்ரா பவுண்ட் 1922ல் நிதி திரட்டப் பார்த்ததும் தெரியும். அவர் அங்கே என்னதான் செய்தார், எப்படிச் செய்தார் என்று கேட்க நமக்குத் தோன்றியதில்லை. கவிஞனை வங்கியிலிருந்து மீட்டுவிட்டால் இலக்கியம் பிழைத்துவிடும் என்ற எண்ணம் பவுண்டிடமிருந்து நமக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

இந்தக் கட்டுரையின் விஷயம் அந்த வேலை. குறிப்பாக, அதற்குள் யந்திரம் வந்தபோது நடந்தவை. எந்த யந்திரம், எத்தனை, எந்த மேஜையில் என்று யோசனை சொல்ல வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எது அவர்கள் கண்ணில் படவில்லை என்பது. யோசனை சொல்வதே இன்று பெரிய தொழிலாகிவிட்டது. கன்ஸல்டண்ட் என்று பெயர். அவர்களுடைய அறிக்கைகளில் 'மனிதக் கண்ணோட்டம்' என்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கிறது, பெரும்பாலும் கடைசியில், பயிற்சி வகுப்புகளுக்கான செலவுப் பட்டியலுக்கு முன்னால். மனிதக் கண்ணோட்டம் என்பது ஓர் அத்தியாயமாக இருக்க முடியாது என்பது என் கட்சி. ஒரு மனிதன் தன் கையாலும் ஞாபகத்தாலும் என்ன செய்கிறான் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அதைச் சொற்களில் வைப்பதுதான் ஆலோசகனின் முதல் வேலை. எண்ணுவது அதற்குப் பிறகு. இந்த நாட்டில் இது ஒருமுறை ஒழுங்காக நடந்திருக்கிறது, ஒரு துணி மில்லில். வங்கிகளில் நடக்கவில்லை.

அரசுத் தமிழில் குமாஸ்தாவுக்கு எழுத்தர் என்று பெயர். ராபர்ட் கிளைவ் 1744ல் மதராஸில் வந்து இறங்கியபோது அவருடைய உத்தியோகத்தின் பெயரும் ரைட்டர்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடைசிப் படி அது. நம் போலீஸ் ஸ்டேஷன்களில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. புகார் கொடுக்கப் போகிறவனிடம் "ரைட்டரைப் பாருங்க" என்பார்கள். கொடுத்ததையும் வாங்கியதையும் கேட்டதையும் ஒரு புத்தகத்தில் பதிகிறவன் அவன். எழுத்தாளர் என்ற சொல்லின் பளபளப்பு இதில் இல்லை.

கம்பெனி ரைட்டருக்கு ஊர் தெரியாது. ஊருக்குக் கம்பெனியின் கணக்கு தெரியாது. நடுவில் துபாஷி நின்றார். புதுச்சேரியில் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல் தொடங்கிய நாட்குறிப்பை நாம் சரித்திர ஆவணமாகப் படிக்கிறோம். அதை ஒரு வியாபார ஆலோசகரின் குறிப்பேடாகவும் படிக்கலாம். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது என்று எழுதும் அதே கை, யார் முகம் கோணியது, யாருக்கு மரியாதை குறைந்தது, கடைத்தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் எழுதுகிறது. அவருக்கு இவை இரண்டும் ஒரே விஷயம். துபாஷிகளை நான் புனிதப்படுத்தவில்லை. அவர்களுக்குச் சொந்த லாபம் இருந்தது, சொந்தப் பகை இருந்தது, சாதி இருந்தது. ஆனால் ஊருக்குள் குடியிருந்துகொண்டு யோசனை சொன்னார்கள். யோசனை பொய்த்தால் மறுநாள் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

இனி வங்கிக்கு வருகிறேன். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசிய உடைமையாயின. அப்போது நாடு முழுவதும் 8,000 சொச்சம் கிளைகள். 1990ல் அது 60,000ஐ நெருங்கிவிட்டது. இந்தப் பெருக்கம் முழுவதும் கையால் எழுதப்பட்டது. பேரேடு, டே புக், ஸ்க்ரோல், பித்தளை டோக்கன், மாதிரிக் கையெழுத்து அட்டை. கிளைக்கும் கிளைக்கும் நடுவே கணக்கு ஒத்துப்போகாமல் வருஷக்கணக்கில் தேங்கியது. பேரேட்டின் கூட்டல் பொதுப் பேரேட்டோடு சேராமல் மாதக்கணக்கில் கிடந்தது. பழைய காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்களுக்கு நான் ஞாபகப்படுத்த விரும்புவது 1992. ஹர்ஷத் மேத்தா விவகாரம் அவ்வளவு தூரம் போனதற்கு ஒரு காரணம், அரசாங்கப் பத்திரங்களின் கணக்கு ரிசர்வ் வங்கியிலேயே கையால் எழுதப்பட்டு, சரிபார்க்க நாள் பிடித்ததுதான். யந்திரம் தேவைப்பட்டது. அதைப் பற்றிய சந்தேகம் எனக்கு இல்லை.

யந்திரம் எப்படி வந்தது என்பதுதான் கதை. 1960களின் நடுவிலேயே கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் இலாக்கோ ஹவுஸில் கம்ப்யூட்டர் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் கிடந்தார்கள். ஆட்டோமேஷன் பற்றி ஆராய 1969ல் மத்திய அரசு அமைத்த கமிட்டிக்குத் தலைவர் நம் ஆர். வெங்கட்ராமன், பின்னாளில் ஜனாதிபதியானவர். 1972ல் அறிக்கை வந்தது. வங்கிகளில் 1983 செப்டம்பரில்தான் நிர்வாகங்களின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் யந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. அதே ஆண்டு ரிசர்வ் வங்கி ஒரு கமிட்டியை அமைத்தது. தலைவர் அப்போது துணை கவர்னராக இருந்த சி. ரங்கராஜன், அரியலூர்க்காரர். 1984ல் அறிக்கை. கிளைகளுக்கு அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின், வட்டார அலுவலகங்களுக்கு மினி கம்ப்யூட்டர், தலைமை அலுவலகத்துக்கு மெயின்ஃப்ரேம் என்று சிபாரிசு. 1989ல் அவர் தலைமையிலேயே இரண்டாவது அறிக்கை வந்தது. கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே சங்கங்கள் எரிச்சலடையும் என்பதால்தான் 'லெட்ஜர் போஸ்டிங் மெஷின்' என்று பெயர் வைத்தார்கள் என்று வங்கி வட்டாரங்களில் சொல்வதுண்டு. ஒரு பொருளின் பெயரை மாற்றிவிட்டால் அதை உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்பது கவிஞர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

அந்தக் காலத்து ஆவணங்களில் ஓர் எண் மறுபடியும் மறுபடியும் வரும்: நாளொன்றுக்கு 750 வவுச்சர். அதற்கு மேல் வேலை உள்ள கிளைக்கு யந்திரம், கீழே உள்ளதற்குக் கை. வவுச்சர் என்பது ஒரு துண்டுக் காகிதம். பணம் போட்டாலும் எடுத்தாலும் ஒன்று விழும். பத்து லட்ச ரூபாய்க்கும் ஒன்று, பத்து ரூபாய்க்கும் ஒன்று. நிர்வாகம் வவுச்சரை எண்ணியது. சங்கம் என்ன செய்தது? எத்தனை பேருடைய வேலை போகும், யந்திரத்தில் உட்காருகிறவனுக்கு எவ்வளவு அலவன்ஸ், ஒரு கிளையில் எத்தனை யந்திரம் என்று எண்ணியது. நான் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன். 1983ல் அவர்களுக்கு இருந்த பயம் நியாயமானது. அந்தப் பயம் இல்லாமலிருந்தால் நான் சேர்ந்தபோது எனக்கு ஒரு நாற்காலி மிஞ்சியிருக்காது என்றும் நினைக்கிறேன். இருந்தாலும், மேஜையின் இரண்டு பக்கமும் எண்ணுகிறவர்களே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பேரேட்டுக்கு முன்னால் உட்காருகிற ஆள் என்ன செய்கிறான் என்று அங்கே யாரும் விவரித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவனுக்கே அது ஒரு வேலையாகத் தோன்றியிருக்காது.

அவன் என்ன செய்தான்? நான் 2010களில் சேர்ந்தவன், பேரேட்டைக் கையாண்டதில்லை. ஓய்வு பெற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட வேண்டும் என்பது விதி. ஒப்பிடுவதற்கு முன்பே ஆளைப் பார்த்துவிடுவான். இன்னாருடைய கையெழுத்து பக்கவாதத்துக்குப் பிறகு கோணிவிட்டது, இன்னார் வீட்டில் மகன் அப்பாவின் கையெழுத்தைப் போடப் பழகியிருக்கிறான் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. பணம் எடுக்கும் படிவத்தில் தொகை வழக்கத்துக்கு மாறாக இருந்தால், "என்ன விசேஷம்?" என்று கேட்பான். அந்தக் கேள்வி குசலம் விசாரிப்பதாகவும் இருந்தது, மோசடித் தடுப்பாகவும் இருந்தது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆளைப் பார்த்து வேலை செய்கிறவன் ஆளைப் பார்த்துக் காக்கவும் வைப்பான். வேட்டிக்கு ஒரு குரல், பேண்ட்டுக்கு ஒரு குரல் என்பதை இந்த ஊர்க் கவுண்டர்களில் நின்றவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காலனியிலிருந்து வந்தவனின் படிவம் தட்டின் அடியில் போய்ச் சேர்ந்த கதைகளும் எனக்குச் சொல்லப்பட்டிருக்கின்றன. யந்திரம் வந்து வரிசை எண் கொடுத்ததும் அந்தக் கொடுமை கொஞ்சம் குறைந்தது உண்மை. மனிதப் பார்வை என்று நாம் உருகிச் சொல்வதில் இதுவும் அடக்கம். இரண்டையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். யாரும் எழுதவில்லை.

இனி மில்லுக்குப் போகலாம். அதற்கு ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வழியாகப் போக வேண்டும். இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் சுரங்கங்களை யந்திரமயமாக்கினார்கள். எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. லண்டனில் டாவிஸ்டாக் என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பாம்ஃபோர்த் முன்பு சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். அதனால் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய முறையில் இரண்டு மூன்று பேர், தாங்களே ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டு, ஒரு முகப்பின் முழு வேலையையும் செய்தார்கள். புதிய முறையில் ஒரு ஷிஃப்ட் வெட்டும், அடுத்தது கன்வேயரை நகர்த்தும், அதற்கடுத்தது அள்ளும். ஒரு ஷிஃப்டின் பிழையை அடுத்த ஷிஃப்ட் இருட்டில் சுமந்தது. யந்திரத்தில் பழுதில்லை. ஆட்களுக்கு நடுவில் இருந்த ஏதோ ஒன்று அறுந்துவிட்டது. அது எது என்பதை அவர்கள் விவரித்தார்கள். அந்தக் கட்டுரையின் பலம் முழுவதும் அந்த விவரிப்பில்தான் இருக்கிறது.

அதே டாவிஸ்டாக்கிலிருந்து ஏ. கே. ரைஸ் அகமதாபாத் வந்தார். சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில். 1952 வாக்கில் அங்கே தானியங்கித் தறிகள் போட்டிருந்தார்கள். தறிகள் நன்றாக ஓடின. ஆனால் துணியின் அளவு ஏறவில்லை, பழுதுத் துணி ஏறியது. ரைஸ் தறிக்கூடத்தில் நின்று பார்த்தார். 224 தறிகள், 29 ஆட்கள், 12 விதமான வேலை. ஆரணிப் பக்கம் ஒரு நெசவாளி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு விசித்திரமாக இருக்கும். அங்கே ஒரு தறிக்கு ஒரு குடும்பம். ஒருவர் நெய்ய, ஒருவர் தார் சுற்ற, அறுந்த இழையை யாருடைய விரல் கிட்டே இருக்கிறதோ அது பிணைக்கும். காலிகோவில் வேலை விஞ்ஞான முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. நெசவாளி ஒரு எண்ணிக்கைத் தறிகளைப் பார்த்தார். தார் நிரப்புகிறவர் வேறொரு எண்ணிக்கை. பாவு அறுந்தால் சரி செய்கிறவர் இன்னொரு எண்ணிக்கை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக நேரம் அளந்து வகுத்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தறி நின்றுபோனால் அது யாருடைய தறி என்பதற்குப் பதில் இல்லை. இந்த நெசவாளிக்கு உதவ வருகிறவர் அந்த நெசவாளிக்கும் உதவுகிறவர், அவரையும் முழுதாகச் சேர்ந்தவர் கிடையாது. 29 பேர் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி எல்லோரையும் துரத்திக்கொண்டிருந்தார்.

ஒரு குழுவுக்கு ஒரு தொகுதித் தறிகள் என்று வைத்துப் பார்த்தால் என்ன என்பதுதான் ரைஸின் யோசனை. அவருக்குக் குஜராத்தி தெரியாது. டிரிஸ்ட் பின்னாளில் எழுதியிருக்கும் விவரப்படி, இது ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலம், ஒரு துபாஷி மூலம் என்று நான் சொல்வேன், தொழிலாளர்களிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லப்பட்டது. மறுநாள் தொழிலாளர்கள் திரும்பி வந்தார்கள், கையில் ஒரு திட்டத்தோடு. யார் யாரோடு சேர்வது என்பதையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். 1953ல் சோதனை தொடங்கியது. முதலில் தடுமாற்றம், பிறகு நிலைத்தது. துணி கூடியது, பழுது குறைந்தது. மற்றக் கூடங்களும் இந்த முறையைக் கேட்டன. கூலி முறையும் அதோடு மாறியதால், எல்லாம் கூலியால் வந்தது என்று வாதிக்க இடமுண்டு, வாதித்திருக்கிறார்கள். நான் அதை மறுக்கப் போவதில்லை. எனக்கு முக்கியம், அந்த ஒரு இரவு. ஆலோசகர் சொன்னது அரை வாக்கியம். மீதி வாக்கியத்தைத் தறிக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து முடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களால் முடிக்கக்கூடிய அளவுக்கு அந்த அரை வாக்கியம் அவர்களுடைய வேலையின் பாஷையில் இருந்தது. அறிக்கை எழுதுகிறவர்கள் முழு வாக்கியத்தையும் தாங்களே எழுதிவிடுகிறார்கள். அட்டையும் போட்டுவிடுகிறார்கள்.

நம் விமர்சனத்துக்கும் இந்த வியாதி உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரு கதையை எடுத்துக்கொண்டு இருத்தலியல் இவ்வளவு, அந்நியமாதல் இவ்வளவு என்று வவுச்சர் எண்ணுகிறோம். அந்தக் கதையின் மூன்றாவது பாராவில் வாக்கியம் ஏன் திடீரென்று குறுகுகிறது என்று பார்ப்பதில்லை.

காலிகோவின் கதை அங்கே முடிந்திருந்தால் பாடப் புத்தகத்துக்கு உதவும். முடியவில்லை. 1970ல் ரைஸின் சகா எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்து, 1975ல் அதைப் பிரசுரித்தார். சாதாரணத் தறிகளில் முதலில் அமைந்த ஒரு குழு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியே வேலை செய்துகொண்டிருந்தது. தானியங்கித் தறிக்கூடத்திலோ குழு என்பது பெருமளவு பெயரில் மட்டும் மிஞ்சியிருந்தது. சந்தை மாறியிருந்தது, நெருக்கடி கூடியிருந்தது. வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியைத் தடுத்து நிறுத்த வேண்டிய மேற்பார்வையாளர்கள் பதற்றத்தில் குழுவுக்குள்ளேயே கையை விட ஆரம்பித்திருந்தார்கள். மனிதப் பார்வையை ஒருமுறை நிறுவி, நாடா வெட்டித் திறந்துவைத்துவிட முடியாது என்று மில்லரின் கட்டுரையைப் படிக்கும்போது தோன்றுகிறது. தறிக்கு எண்ணெய் போடுவதுபோல் அதற்கும் யாராவது ஒருவர் தினம் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. மில் 1990களோடு மூடிக்கிடந்து போயிற்று. 1949ல் அதே குடும்பம் தொடங்கிய காலிகோ துணி மியூசியம் இருக்கிறது. பழைய துணிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

வங்கிக்கு அப்படி ஒரு ரைஸ் வரவில்லை. 1971ல் ஸ்டேட் வங்கி, தல்வார் தலைவராக இருந்தபோது, அகமதாபாத் நிர்வாகவியல் நிறுவனத்துப் பேராசிரியர்களின் யோசனையோடு தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது. காகிதத்தின் வகையை விட்டு வாடிக்கையாளரின் வகையை வைத்துப் பிரிவுகளை அமைத்தார்கள். அது கெட்டிக்காரத்தனம். ஆனால் அதில் யந்திரம் இல்லை. யந்திரம் வந்தபோது பேராசிரியர்கள் இல்லை. 2001 தொடங்குவதற்குள் 70 சதவீத வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும் என்று மத்திய ஊழல் தடுப்பு ஆணையமே உத்தரவு போட்டது. ஊழலைத் தடுக்க யந்திரம் என்பதன் பொருள், ஆள் என்றாலே சந்தேகம் என்பது. அதே சமயத்தில், 2000–2001ல், விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பொதுத்துறை வங்கிகளை விட்டுப் போனார்கள். பிறகு கோர் பேங்கிங். கிளையின் கணக்கு கிளையில் இல்லாமல் எங்கோ ஒரு பெரிய நகரத்தில் போய் உட்கார்ந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஞாபகம் வெளியே போயிற்று. அதன் பிறகு, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் யந்திரத்துக்கு விவரம் ஊட்டினார்கள்.

எங்கள் கோயில் மதிலுக்கு உள்ளே கல்வெட்டுகளுக்குக் குறைவில்லை. சோழர் காலத்து விளக்குத் தானங்களில் 'சாவா மூவாப் பேராடு' என்று ஒரு சொல் வரும். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்பது வழக்கமான அளவு. ஆடு சாகாது, மூப்படையாது என்று கல் சொல்கிறது. கணக்கில் மட்டும்தான் ஆடு சாகாமல் இருக்க முடியும். செத்ததற்குப் பதில் குட்டியை வளர்த்து எண்ணிக்கையை 96லேயே நிறுத்தி, நாள் தவறாமல் நெய் அளக்கிற வேலை மன்றாடியுடையது, அதாவது இடையனுடையது. அந்த வேலையைக் கல் விவரிப்பதில்லை. ஆனால் பல கல்வெட்டுகளில் ஆட்டை ஏற்றுக்கொண்ட மன்றாடியின் பெயராவது இருக்கிறது. இன்ன ஊர், இன்னான் மகன் இன்னான் என்று. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கணக்கு முறை, தன் யந்திரத்துக்குப் பக்கத்தில் யார் நிற்கிறான் என்பதை எழுதி வைத்தது.

பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது நடந்ததாக ஒருவர் எனக்குச் சொன்னது இது. எந்த வங்கி என்று சொல்ல மாட்டேன், எல்லா வங்கியிலும் நடந்திருக்கும். பேரேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். ஒரு புள்ளி, ஒரு பிறை, ஒரு பெருக்கல். விதிப் புத்தகத்தில் இவை கிடையாது. புள்ளி என்றால் கையெழுத்து மாறும், ஆளைப் பார். பிறை என்றால் காது கேட்காது, தொகையை எழுதிக் காட்டு. பெருக்கல் என்றால் அண்ணன் தம்பி தகராறு, யார் வந்தாலும் மேனேஜரைக் கேள். ஒரு கிளைக்குள் பேரேடு கை மாறும்போது குறிகளின் அர்த்தமும் வாய்மொழியாகக் கை மாறும். ஏற்றுவதற்கு வெளியாட்கள் வந்தார்கள். திரையில் பெயருக்கு ஒரு கட்டம், விலாசத்துக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று. பென்சில் குறிக்குக் கட்டம் இல்லை. "இது என்ன சார்?" என்று ஒரு பையன் கேட்டானாம். "அதை விடுப்பா" என்று பதில் சொன்னது தான்தான் என்றார் அவர். வைத்திருக்க வேண்டிய வருஷங்கள் வைத்திருந்துவிட்டு, பேரேடுகளை எடைக்குப் போட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கிளைக்கு ஓர் ஆலோசனைக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இளைஞர்கள், மரியாதையானவர்கள், மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கவுண்டரில் ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான்கு நாள் அளந்தார்கள். அமாவாசையை ஒட்டிய நான்கு நாள். திருவண்ணாமலை பௌர்ணமியில் ஓடுகிற ஊர். பௌர்ணமி இரவு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டருக்கு ஜனம் நகரும். மறுநாள் காலை பூக்காரி, கற்பூரக் கடைக்காரர், சுண்டல் வண்டிக்காரர், பார்க்கிங் போட்டவர் எல்லோரும் சில்லறையும் பத்து ரூபாய்த் தாள்களுமாகத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். தாள்கள் ஈரமாக இருக்கும், மஞ்சளும் விபூதியும் ஒட்டியிருக்கும். எண்ணும் மெஷின் அவற்றைத் துப்பிவிடும். விரலால்தான் எண்ண வேண்டும். சராசரி என்ற கணக்குக்குச் சந்திரன் தெரியாது. வந்தவர்களிடம் இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அறிக்கையில் அது 'பருவகால ஏற்றத்தாழ்வு' என்ற இரண்டு சொல்லாக இருந்தது. ஒரு கவுண்டரை எடுத்துவிட்டு, பாஸ்புக்கைத் தானே அச்சடித்துத் தரும் மெஷினை வாசலில் வைத்தார்கள்.

மெஷின் நன்றாக வேலை செய்கிறது. படித்தவர்கள் உள்ளே வராமலே அச்சடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அது லாபம்தான். முதியோர் உதவித்தொகைக்காக வருகிற கிழவிகளும் அதில் நுழைத்து அச்சடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அச்சடித்ததை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வருகிறார்கள். "பணம் ஏறிச்சா பாருப்பா." பார்த்துச் சொல்கிறேன். "எவ்ளோ இருக்குது?" சொல்கிறேன். "எரநூறு எடுத்தா மீதி எவ்ளோ நிக்கும்?" அதையும் சொல்கிறேன். அவர்களுக்குப் பாஸ்புக் என்பது வாசிக்கக் கேட்கிற ஒரு பிரதி. அளந்தவர்களுக்கு அது அச்சடிக்கிற ஒரு காகிதம். அச்சடிக்கும் நேரத்தைக் கழித்தார்கள், வாசிக்கும் நேரம் என் கவுண்டரில் அப்படியே இருக்கிறது. ஒரு கவுண்டர் குறைந்துவிட்டதால் வரிசை மட்டும் நீளம். அந்த இரண்டு இளைஞர்களும் ஒரே ஒரு முற்பகல் கிழவிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "எதுக்குப் பாட்டி வந்தீங்க?" என்று கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். கேட்பதற்கு அவர்களுக்குச் சம்பளம் தரப்படவில்லை. நிமிஷத்தை அளக்கத்தான் தரப்பட்டது. இந்த விஷயத்தில் குற்றம் அனுப்பியவர்களுடையது.

இப்போது திரையில் பேசும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. கேள்வி கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கின்றன. இனிக் கவுண்டருக்கு அவையும் வரும், அவற்றை எங்கே வைப்பது என்று யோசனை சொல்ல ஆட்களும் வருவார்கள். அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? பேரேட்டுக்காரனின் ஒரு நாளை முழுதாக விவரிக்கும் பத்துப் பக்கம் தமிழில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். என் கைக்குக் கிடைக்கவில்லை. டோக்கன் கொடுத்தவர், ஸ்க்ரோல் எழுதியவர், ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொண்ட தஃப்தரி ஆகியோரில் உயிரோடு இருப்பவர்களுக்கு எழுபதும் எண்பதும் வயதாகிறது. இதுவரை ஐந்து பேரைப் பார்த்திருக்கிறேன். நால்வர் சம்பளக் கமிஷனையும் ஸ்ட்ரைக்கையும் பற்றிப் பேசினார்கள்; வேலையைப் பற்றிக் கேட்டால், "அதுல என்ன சார் இருக்கு" என்றார்கள். பென்சில் குறி பற்றிச் சொன்னவர் ஐந்தாமவர். அவர் இன்னொருவர் பெயரைச் சொன்னார். ஆரணியில் இருக்கிறாராம், தங்கள் வட்டாரத்தில் முதல் போஸ்டிங் மெஷின் வந்தபோது அதில் உட்கார்ந்தவர். மகனோடு போனில் பேசினேன். "வாங்க, அப்பாவுக்கு ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. காதுதான் கேக்காது. எழுதிக் காட்டினா பதில் சொல்வாரு" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.